மீதி எழுபத்தேழு

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் என் மாமா, அம்மாவின் தம்பி, கான்ட்ராக்டில் வேலை பார்த்தார். எப்போதும் நைட் ஷிப்ட். பகலில் எங்கள் ஒற்றை அறை வீட்டில்தான் தூங்கியாக வேண்டும். எனக்கோ ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

ஒருநாள் மாமா என் நோட்டில் 104729 என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறு ஏதாவதொன்றால் மீதியில்லாமல் வகுத்துக் காட்டினால் மகாபலிபுரம் கூட்டிப்போவாராம்.

"கெடச்சா எழுப்பு. கெடைக்காம எழுப்பாத" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

அது பகா எண், எத்தனை கோடை வந்தாலும் வகுபடாது என்று அவருக்குத் தெரியும். பி.எஸ்சி. கணிதம் படித்தவர் அந்தப் படிப்பைப் பயன்படுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டில் தொடங்கினேன். இரண்டால் வகுபடாதது நான்காலும் வகுபடாது என்றுகூடத் தோன்றாத அளவுக்கு மகாபலிபுரம் கண்ணை மறைத்தது. பதின்மூன்றில் மீதி ஒன்று வந்தது. ஒன்றுதானே, கண்டும் காணாமல் விட்டுவிட்டால் என்ன என்று வெகுநேரம் யோசித்தேன்.

பத்தாம் நாள் மதியம் 323ஆல் வகுத்தேன். ஈவு 324, மீதி 77. அடுத்து 324ஆல் வகுத்தேன். ஈவு 323, மீதி அதே 77. சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல அதே கணக்கு! இனி எதனால் வகுத்தாலும் ஈவு சின்ன எண்ணாகத்தான் வரும். சின்ன எண்களையெல்லாம்தான் நான் பார்த்து முடித்தாயிற்றே. எனக்குச் சிலிர்த்துவிட்டது. மாமாவை உலுக்கினேன்.

"இன்னா, கெடச்சிடுச்சா?"

"கெடைக்காது மாமா. இனிமே பாக்கவே வேணாம்" என்று காரணத்தைச் சொன்னேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன். நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பிறகு ஷிப்ட் பஸ் வரும்வரை இருவரும் எண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மாமா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

"அவன தூங்க வுடுடி. போன வாரமே லைன்ல கண்ணசந்து சூப்பர்வைசர்கிட்ட மாட்டிக்கினான். இன்னொரு வாட்டி ஆச்சின்னா வேல பூடும்" என்று அம்மா மூன்று முறை சொன்னாள். "தோ, தூங்கறேன்க்கா" என்று மாமாவும் மூன்று முறை சொன்னார்.

அன்றிரவு லைனில் நின்றபடியே தூங்கிவிட்டார். காலையில் கம்பெனி அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா டீ போட்டாள். நான் மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இனிமே பகல்ல தூங்க மாட்டியா மாமா?"

"மாட்டேன்" என்றார்.

அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் குதித்துக்கொண்டு ஓடிப்போய்ப் புது நோட்டை எடுத்து வந்தேன்.