பொரி விழுந்த ஏரோப்ளேன்

செல்லப்பாண்டியிடம் போய்த் தீப்பெட்டி கேட்டவன் எவனும் மறுபடி அவனிடம் எதையும் கேட்டதில்லை. "என்னத்துக்குவே தீப்பெட்டி? யாரைக் கொளுத்தப் போறீரு?" என்று ஆரம்பிப்பான். பீடிக்குத்தான் என்று சொல்லி வாயை மூடுவதற்குள், ஏரோப்ளேன் எந்த இடத்தில் பற்றும், தீ எந்தப் பக்கமாகக் கதவுக்கு வரும், உள்ளே இருக்கிறவன் எப்படிக் கருகுவான் என்று எல்லாத்தையும் சொல்லிவிடுவான். கேட்டவனுக்குப் பீடி ஆசையே செத்துப்போகும். நான் பீடியை விட்டதும் அவனால்தான். டாக்டர் சொல்லி ஒன்றும் விடவில்லை.

அவனுக்கு பம்பாய் ஜூஹூவில் ஒரு விமானக் கம்பெனியில் வயர் வேலை. நான் அதே ஷெட்டில் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். உலகச் சண்டை முடிந்ததும் ராணுவக்காரன் விற்றுத் தள்ளிய டகோட்டா விமானங்களை வாங்கி, உள்ளே நாற்காலி போட்டு, வெளியே பெயிண்ட் அடித்து, ஜனங்களை ஏற்றிப் பறக்கிற கம்பெனி. நான் சொல்லுவது நாற்பத்தெட்டாம் வருசத்துக் கதை.

டகோட்டாவை வெளியே நின்று பார்க்கிறவனுக்கு ரெண்டு றெக்கையும் ஒரு வாலும்தான் தெரியும். உள்ளே தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால்தான் சங்கதி. முருங்கைக்காய்க் கட்டு மாதிரி வயர் கத்தை கத்தையாக ஓடும். நடுவில் செம்புக் கம்பி, மேலே ரப்பர், அதுக்கும் மேலே நூல் உறை. அந்தக் கத்தை, தகரச் சட்டங்களில் போட்ட ஓட்டை வழியாக மூக்கிலிருந்து வால் வரை போகும். என்ஜின் ஓடினால் எல்லாம் நடுங்கும். நடுங்கினால் ஓட்டையின் விளிம்பில் உரசும். உரச உரச நூல் போகும், ரப்பர் போகும், கடைசியில் செம்பு தகரத்தைத் தொடும். தொட்டால் தீ. பக்கத்திலேயே எண்ணெய்க் குழாய்.

இது நடக்காமல் பார்ப்பதுதான் செல்லப்பாண்டி வேலை. ஓட்டைக்கு ஓட்டை ரப்பர் வளையம் மாட்டுவான். கத்தையை மெழுகு நூலால் கட்டுவான். தொங்கவும் விட மாட்டான், இழுத்துப் பிடிக்கவும் மாட்டான். நான் தகரத்தில் துளை போட்டால் பக்கத்தில் துணியோடு வந்து குந்திக்கொள்வான், தூள் வயர் மேல் விழக் கூடாதாம். "உம்ம தூளு ஒண்ணொண்ணும் பிளேடுவே" என்பான். நிம்மதியாக ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை, பாவி.

வேலையை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவனாக இருந்தால் பரவாயில்லை. தாராவியில் அவன் குடிசையில் கரண்டே கிடையாது, சிம்னி விளக்குதான். ஆனாலும் துணி காயப்போடுகிற கயிறு சுவரைத் தாண்டுகிற ஓட்டையில் ரப்பர் வளையம் மாட்டியிருந்தான். கரண்டி, விளக்குமாறு, குடை எல்லாம் மெழுகு நூலால் கட்டிக் கிடக்கும். அவன் பெண்சாதி பூமாரி சாம்பார் கிண்ட வேண்டுமானால் முதலில் முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

பூமாரி சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள். அவளையே இந்த மனுசன் கண்கலங்க வைத்துவிட்டான். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்ததிலிருந்து அவளை ஒரு இடத்துக்கும் கூட்டிப்போகவில்லை. சினிமாவா? பிலிம் சுருள் பற்றிக்கொள்ளும். சர்க்கஸா? கூடாரம் முழுக்கத் துணி, துணி மேல் பல்பு. டிராமா? தலைக்கு மேலே வயர். அவன் வேலைக்குப் போகிற ரயிலும் எலெக்ட்ரிக்தான், அதில் கதவோரம்தான் நிற்பான், குதிக்க வசதியாக.

அந்த நேரத்தில்தான் கம்பெனி ஒரு காரியம் பண்ணியது. புதுசாகத் தயாரான டகோட்டாவில் வேலைக்காரர்கள் குடும்பத்தை ஏற்றி பம்பாயைச் சுற்றிக் காட்டப்போவதாகச் சொன்னது. பூமாரி காதுக்கு இது எப்படியோ போய்விட்டது. (எப்படியோ என்ன, நான்தான் சொன்னேன்.)

"இங்காருங்க," என்றாள் புருசனிடம். "இந்தத் தோல் கிடங்கு நாத்தத்துல நாலு வருசமா கெடக்கேன். மேல போயி ஒரு தடவ நல்ல காத்து குடிச்சிட்டு வாரேன். நீங்க கட்டுன வயரு, நீங்க பாத்த ஏரோப்ளேன். இதுக்கும் மாட்டேன்னு சொன்னீங்க, ஊருக்கு ரயிலேறிருவேன். திரும்பி வரமாட்டேன்."

அவள் சும்மா சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள். செல்லப்பாண்டி ரெண்டு நாள் சோறு இறங்காமல் அலைந்தான். அவனே கட்டிய வயரை அவனே நம்பவில்லை என்று எப்படிச் சொல்வான்? சரி என்றான்.

பூமாரி சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த வீட்டுச் செண்பகவல்லியிடம், "ஏட்டி, மேலருந்து ஒன் கூரையப் பாத்து, ஓட்டை எங்கெங்க இருக்குன்னு வந்து சொல்லுதேன்" என்றாளாம்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் பாதிப் பேர் தமிழர்கள். ஃபோர்மேன் அனந்தகிருஷ்ணன் மாட்டுங்காக்காரர். வேலையில் கெட்டிக்காரர், பக்தியில் அதைவிட. புது டகோட்டாவுக்கு உள்ளேயே பூஜை போட்டுக் கர்ப்பூரம் ஏற்ற வேண்டும் என்றார்.

செல்லப்பாண்டி கதவில் கையை விரித்து நின்றுவிட்டான். "கர்ப்பூரம் உள்ள வரணும்னா என் பொணத்தைத் தாண்டித்தான் சாமி."

"அபிஷ்டு! நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சாடா இது? தட்டுல ஏத்தி ஒரு சுத்து காட்டிட்டு அணைச்சுடப்போறேன்."

"சுத்துத கை நடுங்குச்சுன்னா? பெயிண்ட் வாடை இன்னும் போகல சாமி."

அவர் ஊதுபத்தியாவது என்று இறங்கி வந்தார். அதுவும் நெருப்பு என்றான். சாமிக்கு இருட்டிலேயே பூஜை பண்ணச் சொல்கிறாயா என்று அவர் எகிற, டார்ச் லைட் அடிக்கலாம் என்று இவன் சொல்ல, அப்படியே நடந்தது. டார்ச் லைட் ஆரத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன், வேறென்ன செய்ய.

தேங்காய் உடைக்கவும் விடவில்லை, தண்ணீர் வயருக்கு ஆகாது. இப்படி எல்லாத்தையும் பிடுங்கிக்கொண்டதில் அவனுக்கே சாமி குத்தம் என்று பயம் வந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பொரியை வாரி இறைத்தான். மூட்டைப் பொரி. கடலை, வெல்லம், சுண்டல். விமானி உட்காருகிற இடத்திலிருந்து வால் வரை நடந்து நடந்து இறைத்தான். "இதுல ஒரு ஆபத்தும் இல்ல பாருங்க" என்று ஃபோர்மேனிடம் பெருமையாகச் சொன்னான். அப்புறம் பெருக்கித்தான் விட்டார்கள். ஆனால் பெருக்கினால் பொரி எங்கே போகும்? பலகை இடுக்கு வழியாக அடியில் போகும். போயிற்று. எங்களில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான்.

பூஜைக்கு முன்னாடியே அடியெல்லாம் பார்த்துப் பலகையைத் திருகி மூடியாகிவிட்டது. அதனால் யாரும் திறக்கவில்லை. ஏதோ பேப்பர் வரவேண்டும் என்று விமானம் ரெண்டு வாரம் ஷெட்டிலேயே நின்றது.

சுற்றிக் காட்டுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. திடலில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். பூமாரி முகூர்த்தப் புடவையில் வந்திருந்தாள். ஃபோர்மேன் வீட்டு அம்மாள் விசாலாக்ஷி, மடிசாரும் கையில் எலுமிச்சம்பழமுமாக, தலை சுற்றினால் மோந்துகொள்ள. கேப்டன் ஜஹாங்கீர் பார்சிக்காரர், தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சலாம் போட்டார். காலையிலேயே என்ஜின் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, பழுதில்லை. செல்லப்பாண்டியும் ஏறினான், பெண்சாதி பக்கத்தில் இருந்தால் காப்பாற்றலாம் என்று. முகம் சுண்ணாம்பு.

எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. கதவை மூடப் போகிற நேரம். பூமாரி மூக்கை ரெண்டு தரம் உறிஞ்சினாள்.

"என்னங்க, ஏரோப்ளேன்னா என்னமோன்னு நெனச்சேன். நம்ம வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால மாதிரியில்லா இருக்கு."

"என்ன மாதிரி?"

"எலி மூத்திர வாடை."

அவ்வளவு சந்தோசமாகச் சொன்னாள், பாவம். பின் நாற்காலியில் இருந்த எனக்குக் கேட்டது.  செல்லப்பாண்டி என்ன நினைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அவள் ஊருக்குப் போய்விடுவாள். திறக்காவிட்டால் எல்லோரும் மேலே போவோம். பெண்சாதி புடவையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மறுபடி புடவையைப் பார்த்தான். பிறகு ஒரு கத்தல் கத்தினான் பாருங்கள், கேப்டன் தொப்பி நேராகிவிட்டது.

"எல்லாரும் எறங்குங்க! போகக் கூடாது!"

"என்னடா உளர்றே?" ஃபோர்மேன் எழுந்துவிட்டார். "ராகுகாலம் வரதுக்குள்ள கெளம்பணும்னு நான் தவிச்சிண்டிருக்கேன்!"

"சாமி, அடியில எலி."

"எலி எங்கேருந்துடா வரும்? என்ன தின்ன வரும் இங்கே?"

செல்லப்பாண்டி பலகை இடுக்கைப் பார்த்தான். "பொரி," என்றான்.

கேப்டன் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா?" என்றார். "சாப், சூஹா" என்று எலியைச் சொன்னேன். "சூஹா? என் விமானத்திலா?" என்று ஹிந்தியில் ஒரு கூச்சல். அவர்தான் முதலில் இறங்கினார்.

ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். விசாலாக்ஷியம்மாள் மட்டும், "எனக்கு முட்டி வலி, ஏறினது ஏறினதுதான்" என்று உட்கார்ந்திருந்தார். நானும் செல்லப்பாண்டியும் திருகைக் கழற்றினோம். ஒரு பலகையைத் தூக்கியதுதான் தாமதம், உள்ளேயிருந்து ஒரு எலி எம்பி அம்மாள் மடியில் விழுந்து, தாண்டி, கதவு வழியாகக் குதித்தது. முட்டி வலிக்கார அம்மாள் நாற்காலி மேலே நின்றார். வெளியே பட்டுப்புடவையெல்லாம் நாலா பக்கமும் சிதறியது.

ஃபோர்மேன் குனிந்து டார்ச் அடித்தார். உள்ளே பொரி, உமி, கடலைத் தோல், சாமந்திப் பூ. நடுவில் ஒரு கூடு. வயரின் நூல் உறையை உரித்து உரித்து மெத்தை போட்டிருந்தது. கத்தையில் ஒரு வயரில் விரல் நீளத்துக்கு ரப்பரே இல்லை. செம்பு பளபளவென்று தகரச் சட்டத்துக்கு மயிரிழை தூரத்தில் நின்றது. காலையில் ஓட்டியபோது தொடவில்லை. மேலே போய் ஒரு குலுக்கு குலுக்கினால் தொட்டிருக்கும். எண்ணெய்க் குழாய் அங்கேயேதான்.

 ஃபோர்மேன் நிமிர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "இன்னிக்குப் பிளேன் போகாது. நான் சொல்றேன். யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு." பிறகு செல்லப்பாண்டியைப் பார்த்து, "கர்ப்பூரத்தைத் தடுத்தியேடா மகராசா, பொரியை எதுக்கடா விதைச்சே?" என்றார்.

"நெருப்பத்தான் சாமி நெனச்சேன். பசிய நெனக்கல."

இதெல்லாம் நடந்து முடிய, பூமாரி திடலில் தனியாக நின்றாள். அவளால்தான் போச்சு என்று ஒருத்தி சாடையாகச் சொன்னதும் காதில் விழுந்திருக்கும். செல்லப்பாண்டி போய்ப் பக்கத்தில் நின்றான். அவள் பேசவில்லை. சாந்தாகுரூஸிலிருந்து மாஹிம் வரை ரயிலில் பேசவில்லை. நான் கூடவே போனேன், என்ன ஆகுமோ என்று. அவன் அன்றைக்குக் கதவோரம் நிற்கக்கூட மறந்து நடு வண்டியில் நின்றான்.

சந்து முனையில் செண்பகவல்லி காத்திருந்தாள். "என்னட்டி, மேல போனியே, எங்க வீட்டு ஓட்டை எங்கருக்கு?"

பூமாரி நின்றாள். டிரங்குப் பெட்டிக்குத்தான் நேராகப் போகப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"மேல போறதாட்டி பெரிசு? எல்லாவளும் போவா. போற ஏரோப்ளேன நிறுத்தத் தெரியுமா ஒனக்கு?"

அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள். மோந்து பார்த்தேன், சொன்னேன், கேப்டனே தொப்பியைக் கழற்றினார். எலி முதலில் எலியாக இருந்தது, மூன்றாவது வீட்டுக்காரி கேட்டபோது பெருச்சாளி ஆகிவிட்டது. "நான் மட்டும் மூக்கடைச்சுக் கெடந்தேன்னா இன்னைக்கு எல்லாரும் கரிக்கட்டை!" செல்லப்பாண்டி வாசலில் குந்தினான். அவள் மூச்சு வாங்குகிற இடைவெளியில், "அது சுண்டெலிதான்," என்றான். "நீங்க சும்மா இருங்க," என்றாள். அவனோடு பேசிவிட்டாள்.

கம்பெனி அந்த வயர் கத்தையை முழுசும் மாற்றச் சொன்னது. செல்லப்பாண்டியும் நானும் ஒவ்வொரு பொரியாகப் பொறுக்கினோம். இடுக்குக்கெல்லாம் தகரம் அடித்தேன், அதற்கும் துணியோடு வந்து குந்தினான். விமானத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது என்று ஃபோர்மேன் போர்டு எழுதி மாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எல்லோரும் கூடினோம்.

பூமாரி ஏற மறுத்தாள். "பலகையைத் தொறங்க. நான் மோந்து பாத்துட்டுத்தான் ஏறுவேன்." சிரிக்கப் போனவர்களை ஃபோர்மேன் ஒரு பார்வை பார்த்தார். பலகை திறந்தது. முகூர்த்தப் புடவையோடு மண்டி போட்டு, மூக்கிலிருந்து வால் வரை மோந்தாள். கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு, "மெழுகு வாடைதான். இவுக கை வாடை. ஏறலாம்," என்றாள்.

பறந்தோம். மாஹிம் உப்பங்கழி, வடாலா உப்பளம், தாராவிக் கூரைகள் எல்லாம் தட்டில் வைத்த மாதிரித் தெரிந்தது. பெட்ரோல் வாடை ஒரு பக்கம், பாதிப் பேர் வாந்தி எடுத்த வாடை ஒரு பக்கம். விசாலாக்ஷியம்மாளின் எலுமிச்சம்பழம் வரிசை வரிசையாகக் கைமாறிக்கொண்டிருந்தது. பூமாரி கண்ணாடியில் நெற்றியை வைத்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"எப்படி இருக்கு காத்து?" என்று கேட்டான் செல்லப்பாண்டி.

"அருமையா இருக்கு. நீங்களும் வெளிய பாருங்களேன்."

அவன் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் தரைப் பலகையில் வைத்து நடுக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், மடியில் கை, தரைப் பலகையில் அவன் கால் பெருவிரல்.