கண்ணை மூடிக்கொண்டு கேட்ட அமெரிக்கத் தேர்தல்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ. நூலைப் பல்லிலே கடித்துக் கடித்து என் குரல் உள்ளுக்குள்ளேயே போய்விட்டது. புருவம் எடுக்கிற தொழிலில் ஒரு விசேஷம் இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்திருக்கிறவ கண்ணை மூட வேணும், ஒரு கையால் நெற்றியையும் மற்றக் கையால் இமையையும் இழுத்துப் பிடிக்க வேணும், அசையக் கூடாது. என் வாயிலோ நூல். ஆக, படுத்திருக்கிறவவும் கதைக்க முடியாது, குனிந்து நிற்கிற நானும் கதைக்க முடியாது. பக்கத்தில் மூன்றாவதாக ஒரு ஆள் நின்றால் கடை முழுக்க அந்த ஆளின் ராச்சியம்தான்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்கள், சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும். ஊரை விட்டு வந்து குடியேறின இந்த நாட்டில், கிளென் ஈடன் என்கிற பகுதியில், பாலும் பேப்பரும் விற்கிற ஒரு டெயரிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலியும் ஒரு சோபாவும் போட்ட சின்னக் கடை என்னுடையது. அதிலே ஒரு அரை வருஷம் அமெரிக்க அரசாங்கம் நடந்தது.

குழாய் திறந்த நாள்

கயலுக்கு ஊர் அருப்புக்கோட்டை. இங்கே பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள். ரானுயியில் நாலு பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் என்னிடம் வேலை. முகம் துடைக்கிற துவாய் தோய்ப்பது, போன் எடுப்பது, இடையிலே நூல் பிடிக்கப் பழகுவது. அமெரிக்கத் தேர்தல் என்றால் அவளுக்குப் பைத்தியம். அவர்கள் ஜனாதிபதியை எப்படித் தெரிவு செய்கிறார்கள், அதிலே என்ன பிழை, தான் என்றால் எதை மாற்றுவாள் என்று துவாய் மடிக்கிற நேரமெல்லாம் எனக்குச் சட்டம் இயற்றிக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் துவாய்க் கூடைக்கு மேலே குனிந்து நின்று அழுகிறாள். "வகுப்புல பேசச் சொன்னாங்க அக்கா. பத்து நிமிஷம், அமெரிக்க ஆட்சி முறை பத்தி. எந்திரிச்சு நின்னேன். எல்லாரும் பாத்தாங்க. ஒரு வார்த்தை வரல." வாத்தியார் நல்ல மனுசன் போலிருக்கிறது, கடைசி வாரத்தில் இன்னொரு தரம் பேசலாம் என்று விட்டிருக்கிறார். அதுவும் தவறினால் அந்தப் பாடத்தையே முதலிலிருந்து படிக்க வேணும். அதற்குள் விசா முடிந்துவிடும்.

"அழாதை பிள்ளை, வாறவை போறவையோட கதைச்சுப் பழகு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிற வெள்ளைக்கார மனுசி ஒருத்தி வந்து சாய்ந்து கண்ணை மூடினா. நான் நூலைக் கடித்தேன். கயல் தொடங்கினாள். இங்கிலீசு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. மாநிலம் மாநிலமாகச் சுற்றி வந்து அவள் மூச்சு விட்டபோது என் வேலையும் முடிந்திருந்தது. மனுசி எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. சொன்னது இதுதான்: "நான் இரண்டு புருவத்துக்குத்தான் வந்தேன், நீங்கள் ஐம்பது மாநிலத்தையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள்."

கூடின வாக்கு, தோற்ற ஆள்

ரஞ்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்கட யாழ்ப்பாணப் பக்கம். வேலை முடிந்து நேரே வருவா, சாய்ந்ததும் அரை நித்திரை. அன்றைக்கு அவவின் நித்திரையைக் கயல் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, அங்க ஜனங்க ஜனாதிபதியை நேரடியா தேர்ந்தெடுக்கிறதில்ல. மாநிலத்துக்கு இத்தனை பேருன்னு தேர்வாளர்கள் இருக்காங்க. ரெண்டு தவிர மத்த எல்லா மாநிலத்துலயும் ஒரே ஒரு ஓட்டு அதிகமா வாங்கினாலும் அங்க இருக்கிற தேர்வாளர்கள் அத்தனை பேரும் அவருக்குத்தான். அதனால நாடு பூரா அதிகமா ஓட்டு வாங்கினவரு தோத்துப் போயிடலாம். இதை முதல்ல மாத்தணும்கிறேன் நான்."

ரஞ்சிக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று கால் பெருவிரல் ஆடியதிலேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் புருவம் என் நூலில். கடைசி முடி கழன்றதும் எழும்பி உட்கார்ந்தா. "இதுக்கு ஏன் பிள்ளை அமெரிக்கா வரைக்கும் போறாய்? எங்கட சங்கக் கூட்டத்துக்கு வந்து பார். மண்டபம் முழுக்க ஒருத்தருக்குக் கை தூக்கும், தலைவராய் வாறது கொத்துரொட்டிக்கு ஓடர் குடுத்த மனுசன்!"

சோபாவில் ஒரு நீதிமன்றம்

என் வீட்டுக்காரர், எங்கட மனுசன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் என் கடை சோபாவில் ஓய்வு பெறுகிறார். கயல் வந்த பிறகு அவருக்கும் பதவி கிடைத்தது. நான் ஜனாதிபதி. கையெழுத்துப் போடுகிறவள் நான்தானே. அவள் காங்கிரஸ், அதாவது அமெரிக்கப் பாராளுமன்றம், ஏனென்றால் பேச்சு நிறைய, முடிவு கொஞ்சம். "சோபாவைத் தூக்கிட்டு மூணாவது நாற்காலி போடலாம்" என்று ஒருநாள் மசோதா கொண்டுவந்தாள். நான் நூலோடு "ம்ஹூம்" என்றேன். "வீட்டோ!" என்று கத்திவிட்டுத் துவாயை எண்ணப் போய்விட்டாள்.

பிறகு சோபாப் பக்கம் திரும்பினாள். "அண்ணன்தான் உச்ச நீதிமன்றம். அமெரிக்காவுல அந்த நீதிபதிகளுக்கு ஆயுசு பூரா பதவி. ஒரு தடவை உக்கார வச்சா, தானா எந்திரிச்சாத்தான் உண்டு. பதினெட்டு வருஷம்னு ஒரு கெடு வைக்கணும், அதான் என் கருத்து." மனுசன் பேப்பரைக் கீழே இறக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது: "பதினெட்டு எண்டால் எனக்கு எப்பவோ முடிஞ்சுது பிள்ளை, உன்ர அக்காதான் இன்னும் விடுதலை தரேல்லை."

என் நூல் அறுந்து போனது. சிரித்து நூல் அறுத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நாற்காலியில் இருந்தவ பாவம், ஒன்றும் விளங்காமல் கண்ணை மூடியபடியே "முடிந்ததா?" என்று கேட்டா.

தலைநகரத்துக்காரி

புதிதாக ஒரு பெண் வந்தா, சத்தமில்லாத ஆள். பெயர் சொன்னா, சாய்ந்தா. ஒரு பக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், பேச்சுப் பரீட்சைக்குப் பழகுகிறேன் என்று சொன்ன கயலுக்கு அமெரிக்கா வந்துவிட்டது. "தேர்தலைச் செவ்வாய்க்கிழமை வைக்கிறார்கள், வேலைநாளில். இங்கே சனிக்கிழமை. எங்கள் ஊரில் விடுமுறையே விடுவார்கள். வேலைக்குப் போகிறவன் எப்போது வரிசையில் நிற்பது?" என்று இங்கிலீசிலே விளாசுகிறாள். அதோடு விட்டாளா? "இதைவிட அநியாயம், தலைநகரத்தில் இருக்கிறவர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கே இல்லை" என்றாள்.

நூலுக்குக் கீழே அந்தப் பெண்ணின் கண்ணோரத்தில் தண்ணீர். புருவம் எடுத்தால் கண் கலங்குவது வழமைதான். ஆனால் இமை துடித்த விதம் எனக்குப் பிடிபடவில்லை. நான் கயலைப் பார்த்து "ம்ம்! ம்ம்!" என்கிறேன். அவளோ, நான் ஒத்துப் பாடுகிறேன் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகிறாள். அப்போது அந்தப் பெண் கையை எடுத்தா, கண்ணைத் திறந்தா. "நான் அந்தத் தலைநகரத்தில் பிறந்தவள். ஜனாதிபதிக்கு நாங்கள் வாக்குப் போடலாம். காங்கிரஸில்தான் எங்களுக்காகக் கை தூக்க ஆள் இல்லை. பரீட்சையில் இதை மாற்றிச் சொல்லிவிடாதே."

நல்ல மனுசி, கோபமே இல்லை. கயல் ஒரு நன்றி சொல்ல வேணுமே? அவள் அந்தத் திறந்த கண்ணைப் பார்த்தாள், அவ்வளவுதான். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது: இவளுக்குப் பயம் இங்கிலீசு இல்லை, ஆட்களும் இல்லை, பார்க்கிற கண்தான். இத்தனை நாளும் மூடின கண்களுக்கு முன்னால் அல்லவா பேசிப் பழகியிருக்கிறாள்! பழக்கினவள் நான். அமெரிக்காக்காரி திரும்பச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னா: "சரி, மற்றப் புருவத்தையும் எடுங்கள், அதையாவது பிரதிநிதி இல்லாமல் விட்டுவிடாதீர்கள்."

மனுரேவாவிலிருந்து பதினாலு கண்

பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. மனுரேவாவிலிருந்து ஒரு கலியாண வீட்டார் வான் பிடித்து வந்தார்கள், கலியாணப் பொம்பிளையோடு ஏழு பேர். கடவுள் அனுப்பின வகுப்பறை என்று நினைத்தேன். ஏழு பேரையும் சோபாவிலும் நாற்காலியிலும் இருத்தி, எங்கட மனுசனை வெளியே அனுப்பி, கயலை நடுவில் நிறுத்தினேன். "ஒருத்தரும் கண்ணை மூடக் கூடாது" என்றேன். தொழில் தொடங்கின நாளிலிருந்து சொல்லாத வார்த்தை.

கயல் நின்றாள். துவாயைப் பிழிந்தாள். காய்ந்த துவாய் அது. "The president..." என்றாள். அடுத்தது வரவில்லை. இங்கே பிறந்த ஒரு பெட்டை போனைத் தூக்கிப் படம் பிடிக்க, கயல் நேரே பின்னறைக்குள் போய்விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் அவசரப்பட்டுப் பிள்ளையைச் சபையில் விட்டேன். பொம்பிளையின் தாய் மட்டும் எழும்பிப் போய் அவளுடைய தலையைத் தடவினா. "என்ர மகளும் முதல் தரம் மாப்பிள்ளையைக் கண்டு இப்பிடித்தான் வாயடைச்சு நிண்டவள் பிள்ளை, இப்ப அந்தப் பெடியனுக்கு வாய் திறக்க இடம் இல்லை!"

எண்ணி முடியவில்லை

பரீட்சை அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை. ஒருத்தியின் புருவத்தைக் கொஞ்சம் மெல்லிசாக்கிவிட்டேன் என்று இன்றைக்கும் மனதில் உறுத்தல் உண்டு. மூன்று மணிக்குக் கயல் வந்தாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பையை வைத்தாள், தண்ணீர் குடித்தாள். எங்கட மனுசன்கூட பேப்பரை இறக்கிவிட்டார்.

"எந்திரிச்சு நின்னேன் அக்கா. அதே கண்ணு. ஒரு வரி மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன், அதைத் தரையைப் பாத்துச் சொல்லிட்டேன். 'வாக்கு ரகசியமானது, எல்லாரும் கண்ணை மூடுங்க'ன்னு."

"மூடினவையோ?"

"வாத்தியாரே மொதல்ல மூடினாரு."

வகுப்பில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து பேர். ஒவ்வொரு வரிசையும் ஒரு மாநிலம். போட்டி தேநீருக்கும் காப்பிக்கும். கண்ணை மூடியபடி கை தூக்கச் சொல்லியிருக்கிறாள். முன் வரிசையில் தேநீருக்கு மூன்று, காப்பிக்கு இரண்டு. நடு வரிசையிலும் அப்படியே. பின் வரிசை முழுக்கக் காப்பிக்காரர்; அவர்கள் எப்போதும் கையில் காப்பிக் கோப்பையோடுதான் வகுப்புக்கு வருவார்களாம், அரை வருஷமாகப் பார்த்து வைத்திருந்தாள். காப்பிக்கு ஒன்பது கை, தேநீருக்கு ஆறு. ஆனால் இரண்டு மாநிலம் தேநீருக்கு, வென்றது தேநீர்.

"அதை ஒரு நிமிஷத்தில எண்ணிப் போடலாமே, பத்து நிமிஷம் எப்பிடி இழுத்தனி?" என்று கேட்டேன்.

"கண்ணைத் திறக்காதீங்க, இன்னும் எண்ணி முடியல, அமெரிக்காவுல இதுக்கு நாள்கணக்காகும்னு சொல்லிட்டே இருந்தேன் அக்கா. எண்ணுற சாக்குல காங்கிரஸு, வீட்டோ, நீதிபதி, செவ்வாய்க்கிழமை, தலைநகரம் எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டேன். கடைசியாத்தான் முடிவு. காப்பிக்காரங்க கண்ணைத் திறந்து மேசையைத் தட்டிக் கத்துறாங்க, அநியாயம்னு. அதைத்தானே நானும் அரை வருஷமா கத்திக்கிட்டு இருக்கேன்!"

வாத்தியார் அவளிடம் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள், நானும் அப்படியே சொல்லுகிறேன்: "இத்தனை வருஷம் படிப்பிக்கிறேன், வகுப்பு முழுக்கக் கண்ணை மூடியிருந்தும் ஒருத்தரும் நித்திரை கொள்ளாதது இன்றைக்குத்தான்."

ஆனால் அவர் அதோடு விடவில்லை. கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாராம்: சின்ன மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர், பெரிய மாநிலத்துக்கும் இரண்டு, இது நியாயமா? அறை முழுக்கத் திறந்த கண்.

"நான் அவர் கண்ணைப் பாக்கவே இல்ல அக்கா, புருவத்தைப் பாத்தேன். ரெண்டும் நடுவுல சேந்து ஒரே நாடா கிடக்கு. எங்க நூல் வைக்கணும்னு யோசிச்சுக்கிட்டே பதில் சொல்லிட்டேன். நியாயமில்லைதான், ஆனா அப்படி ஒரு வாக்குறுதி கொடுக்கலைன்னா சின்ன மாநிலங்கள் சேந்தே இருக்காதுன்னு."

தேறிவிட்டாள். அவர் பரீட்சைப் புள்ளி போட்டுப் பேனாவை மூடின பிறகுதானாம், அதற்கு முன்னால் இல்லையாம், எங்கட கடைக் கார்டு ஒன்றை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள், பின்பக்கத்தில் 'நடுப்பகுதி இலவசம்' என்று எழுதி.

அமெரிக்காவில் யார் வென்றாலும் தோற்றாலும், கிளென் ஈடனில் எனக்கு முதல் ஆம்பிளை வாடிக்கைக்காரராக அந்த வாத்தியாரை ஒரு வாக்குக்கூட எண்ணாமல் பிடித்துத் தந்தவள் கயல்தான்.