அவர் ஒட்டிய ஓரம்

காற்றடித்து மிதக்கவிடும் படகு ஒன்றை, நாங்கள் இருவரும் உட்காரும் அளவில், வீட்டிலேயே செய்யத் தொடங்கினார் என் கணவர். பிளாஸ்டிக் பூசிய துணியை வெட்டி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஓரங்களை ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை ஒட்டி முடித்த சில நாளில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பிழைக்கவில்லை.

மீதியை நானும் கல்லூரியில் படிக்கும் மகள் கயலும் முடித்தோம். காற்றடித்து, நாங்கள் ஒட்டிய இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்று கசிந்து குமிழி வருகிறதா என்று பார்த்தோம்.

"அப்பா ஒட்டினதையும் பாத்துடலாம்மா" என்றாள் கயல்.

"அவரு செஞ்சது சரியாத்தான் இருக்கும், உடு" என்றேன். அதைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை.

வேங்கிக்கால் ஏரியில் பாதி தூரம் போயிருப்போம். "அம்மா, அப்பா ஒட்டின பக்கம் காத்து எறங்குது" என்றாள். படகு சரிந்து இருவரும் விழுந்தோம். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் தத்தளித்துக் கரை சேர்ந்தோம்.

கரையில் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். இஸ்திரி அழுந்தவே இல்லை. அப்போதே அவர் கையில் பலம் குறைந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. கயலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்த ஓரத்தின் மேல் நானே மறுபடி இஸ்திரி போட்டேன். இப்போது படகில் ஏறுமுன், சோப்புத் தண்ணீரை முதலில் அங்கேதான் தடவுகிறேன்.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை