மோட்டாருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசையன்று காலை, எட்டு நாள் கழித்து நகராட்சித் தண்ணீர் வந்தது. கோவில்பட்டியில் நான் குடியிருந்த காம்பவுண்டில் மூன்று வீட்டுக்கும் ஒரே தரைத்தொட்டி, அதுவும் சின்னது. அது நிரம்ப நிரம்ப மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றினால்தான் அடுத்த முறை வரைக்கும் தாங்கும். ஒன்றரை மணி நேரத்தில் குழாய் நின்றுவிடும்.

மோட்டார் சுவிட்சைப் போட்டேன். டப். மூன்று வீட்டிலும் கரண்ட் போனது.

வீட்டுக்கார அண்ணாச்சி எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். “ஸ்குரூ டிரைவரெல்லாம் சாமி முன்னால இருக்கு அண்ணாச்சி. நாளைக்குத்தான் எடுப்பேன்.” என் ஸ்குரூ டிரைவரும் அண்ணாச்சி வீட்டுப் பூசையில்தான் இருந்தது. தொட விடமாட்டார்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். சூரத்திலும் புனேயிலும் வயர்ச் சுருள் சுமந்திருக்கிறேன், படுக்க இடமில்லாதபோது அதன் மேலேயே தூங்கியிருக்கிறேன். அந்த வயர் சுவருக்குள் போய் என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியாது.

மெயின் பெட்டியைத் திறந்தேன். குண்டாக ஒரு பிரேக்கர், சின்னதாக ஆறு. ஆறையும் இறக்கிவிட்டுக் குண்டனை ஏற்றினேன். நின்றான். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

“ஏலே, மிக்சி ஓடுது!” பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்.

“எங்க ஃபேன் சுத்துது தம்பி!” இது அண்ணாச்சி.

சுவருக்குள் கிளை கிளையாகப் பிரியும் வயர் கண்ணுக்குத் தெரிவது போலிருந்தது. குதிக்கத் தோன்றியது. வேண்டுமென்றே ஒன்றை இறக்கினேன்.

“எம் மிக்சிய எதுக்குலே நிறுத்துத?”

“சும்மா பாத்தேங்க்கா!”

“சும்மா பாக்குதானாம்! அங்கன தண்ணி ரோட்டுல ஓடுது!”

ஆறும் நின்றன. மோட்டார் சுவிட்சைப் போட்டதும் குண்டன் விழுந்தான்.

“மோட்டார் காயில் போச்சு,” என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெறும் சுவிட்சைப் போட்டேன். அப்போதும் விழுந்தான். மோட்டார் குற்றவாளி இல்லை! கோளாறு பிளக் செருகும் பெட்டியில். அதைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் வேண்டுமே. அக்கா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அவர் வீட்டில் ஆயுத பூசை கிடையாது. தையல் மெஷின் டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினேன். உள்ளே ஈரச் சந்தனம், குங்குமம். விடிந்ததும் குளித்துவிட்டு, மோட்டாருக்குக் குறை வைக்கக் கூடாதென்று அதன் பிளக் ஓட்டைகள் மேலும் அள்ளி அப்பியது நான்தான்.

அக்கா எட்டிப் பார்த்தார். “நெத்தி எதுன்னு தெரியாம வாயில பூசியிருக்கியேலே!”

அவர் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். காய்ந்த துணியால் சொட்டு ஈரமில்லாமல் துடைத்து மாட்டினேன். சுவிட்ச். குண்டன் அசையவில்லை. மோட்டார் உறும, மாடித் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. குழாய் நிற்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

தொட்டி நிறைவதற்குள் ஆறு பிரேக்கருக்கும் மேலே கரியால் பேர் எழுதினேன். குண்டனுக்குப் பொட்டு வைக்க அண்ணாச்சி கிண்ணத்தோடு வந்தார். கிண்ணத்தைப் பறித்து, பொட்டை அவர் நெற்றியில் வைத்துவிட்டேன்.