தள்ளுவண்டி என்று பெயரெடுத்த கார்

அந்தக் காரின் இடது பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறக்க வேண்டும். விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தச் சின்னக் காரை நினைத்தாலே, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கதவோடு நான் போட்ட சண்டைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பச்சை என்றும் சொல்ல முடியாத, நீலம் என்றும் சொல்ல முடியாத ஒரு நிறம். சித்தப்பா அதைப் பாண்டிச்சேரியில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கி ஓட்டி வந்தார். புதிதாகவே வாங்கியிருந்தாலும் அந்த நாளில் அதைவிட விலை மலிந்த கார் கிடையாது. கம்பெனிக்காரர்கள் அதற்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதை யார் சொன்னார்கள்? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் அதற்குத் தள்ளுவண்டி என்றுதான் பெயர்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜின்களுக்கு ஏஜெண்டாக இருந்தார். மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த கிணறுகளில் என்ஜின் சத்தம் கேட்கத் தொடங்கிய காலம் அது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர்கள், திண்டிவனத்தைச் சுற்றி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டவர்கள் என்று எல்லோரையும் பார்க்க அவர் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. ஒரு விவசாயி லேசில் கையை நீட்டி என்ஜின் வாங்கிவிட மாட்டார். எரிகிற வயிற்றோடு இருப்பவரைச் சிரிக்க வைத்தால்தான் வியாபாரம் நடக்கும் என்பது சித்தப்பாவின் கொள்கை. சிரிக்க வைக்க அவருக்கு வேறு சரக்கு தேவைப்படவில்லை. வாசலில் கார் நின்றது. "என் என்ஜின நம்புங்க, என் கார நம்பாதீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். போகும் வழியில் வண்டி நின்றுவிட்டதாம். கரும்பு ஏற்றி வந்த ஒருவர் இரக்கப்பட்டு மாட்டு வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்தாராம். ஊர் எல்லையில் அவிழ்த்துவிடும்போது, "சாமி, சாயங்காலம் இதுக்கும் ரெண்டு கை வைக்கோல் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இப்படி அவரிடம் ஒரு மூட்டைக் கதை இருந்தது. கல்யாணப் பந்தியில் சித்தப்பா வாயைத் திறந்தால் பாயசம் ஆறிப்போகும்.

உண்மை என்னவென்றால், அந்தக் கார் நன்றாக ஓடியது. வாங்கிய புதிதில் இரண்டொரு முறை மக்கர் பண்ணியது நிஜம். அதன் பிறகு சித்தப்பா அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் துடைத்து, எண்ணெய் விட்டு, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து வைத்திருந்தார். நான் அதில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட இறங்கித் தள்ளியதில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன், "ஏன் சித்தப்பா, நல்லாத்தானே ஓடுது, ஏன் இப்படிப் புளுகுறீங்க?" என்று. அவர் என் வாயைப் பொத்தாத குறைதான். "அத வாயால சொல்லாத. கண்ணு பட்டுடும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் அதை நம்பினார்.

அவர் மட்டுமல்ல. எங்கள் பக்கத்தில் அந்தக் கம்பெனி வண்டி வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். திண்டிவனத்து வக்கீல் ஒருவர், ஒரு ஹெட்மாஸ்டர், சினிமாக் கொட்டகைக்காரர் ஒருவர். திண்டிவனத்தில் ரோடு பிரிகிற இடத்தில் இருந்த காபி ஓட்டலில் இவர்கள் சந்தித்துக்கொண்டால் ஒரே வசைமாரிதான். "என் சனியன் இன்னிக்கி என்னா பேஜாரு பண்ணுச்சி தெரியுமா" என்று ஒருவர் தொடங்குவார். "உங்களுது பரவால்லைங்க, என்னுது இருக்குதே" என்று அடுத்தவர் மேலே போவார். அக்கம்பக்கத்து மேஜைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். பெற்ற பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் நாலு பேர் முன்னால் "கருவாயா, மூதேவி" என்று கொஞ்சுவோம் இல்லையா, அதே கதைதான். பிறகு வெளியே வந்து, யாரும் பார்க்காதபோது, வக்கீல் தன் மேல்துண்டால் பானெட்டைத் துடைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

போன மாதம் என் பேரன் சின்னக் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏற்கெனவே வாங்கினவர்கள் அதைப் பற்றி எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினான். ஒருவன் ஆகா என்கிறான், இன்னொருவன் தகர டப்பா என்கிறான். "சொந்தக்காரனே சொல்றான் பாட்டி, அவன் ஏன் பொய் சொல்லப் போறான்?" என்று கேட்டான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

எனக்கு ஓர் அத்தை இருந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கடைசித் தங்கை. என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவள் என்பதால் அக்காவாகத்தான் பழகினாள். அவளைக் கிளியனூரில் கொடுத்திருந்தோம். நல்ல குடும்பம், நிலபுலம் உள்ளவர்கள். கல்யாணத்தன்று சித்தப்பாவின் கார் கதைகளுக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அத்தையின் மாமனார். புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கதைகளை ஊருக்கு எடுத்துப் போய் அவரே பத்துப் பேருக்குச் சொன்னார். அத்தையைப் பார்க்க நாங்கள் கிளியனூர் போனால், "என்னா தம்பி, யாரு தள்ளிக்கினு வந்தாங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் வாசலுக்கு வருவார். மருமகள் மேல் உயிரையே வைத்திருந்த மனிதர். இதை நான் சொல்லியே ஆக வேண்டும், பின்னால் நடந்ததற்கு அவர்மேல் யாரும் கோபப்பட்டுவிடக் கூடாது.

முதல் பிரசவம் எங்கள் வீட்டில் நல்லபடியாக ஆயிற்று. பெண் குழந்தை. இரண்டாவது கிளியனூரிலேயே ஆகட்டும் என்று முடிவு செய்தார்கள். அது அறுபதுகளின் தொடக்கம். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். அத்தைக்கு ஒத்தாசையாகக் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சித்தப்பா என்னைக் காரில் அழைத்துப் போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தது நல்ல காலை நேரம். வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்ததைப் பார்த்ததும் சித்தப்பா கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடினார்.

விடியற்காலையிலேயே வலி கண்டிருக்கிறது. மருத்துவச்சி தன்னால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டு, உதிரம் நிற்கவில்லை, உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாள். திண்டிவனத்தில் மண்டிக்காரர் ஒருவருக்குப் பெரிய கார் இருந்தது. அதைக் கொண்டு வர ஓர் ஆள் சைக்கிளில் போயிருந்தான். எங்கள் கார் வாசலில் என்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. சித்தப்பா அதை அணைக்கவில்லை. "ஜல்தியா தூக்குங்க, நான் கூட்டிக்கினு போறேன்" என்றார்.

யாரும் அசையவில்லை. மாமனார் காரைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். "வேணாம் தம்பி. பெரிய வண்டி வந்துக்கினே இருக்கும். நடு ரோட்டுல நின்னுட்டா, பொண்ண வெச்சிக்கினு நாம என்னா பண்றது?" என்றார்.

"நிக்காது மாமா."

"நீயே தான தம்பி சொன்ன, நிக்கும்னு? எத்தினி தபா சொல்லியிருக்க?"

"அதெல்லாம் சும்மா தமாசுங்க மாமா. சத்தியமா சொல்றேன், இது நின்னதே இல்ல."

"தமாசோ நெசமோ, இப்ப அத வெச்சிப் பாக்குற நேரமா இது?" அவர் குரல் உடைந்துவிட்டது. "என் வூட்டு வெளக்குப்பா அது. நான் எப்பிடி இதுல ஏத்தி அனுப்புவேன்?"

நான் உள்ளே போனேன். அத்தை சுவரோரமாகப் பாயில் கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் வண்டி சத்தம் கேக்குது. அதுலயே போவலாம்னு சொல்லுடி" என்றாள். வெளியே ஓடி வந்து அதை அப்படியே சொன்னேன். மாமனாரிடம் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன், அத்தையின் கணவரான மாமாவிடம் சொன்னேன். வலியில் கிடப்பவளின் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்? மாமா தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மாமியார், "இதோ வந்துடும்மா, இதோ வந்துடும்" என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒரு கட்டத்தில் தானே தூக்கிக்கொள்வதாக உள்ளே போகப் பார்த்தார். இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். கட்டிக் கொடுத்த பெண். அந்த வீட்டில் அவளைத் தூக்க அண்ணனுக்கு அதிகாரம் இல்லை. அவர் மாமனாரின் காலில் விழுந்தார். விழுந்தவரைத் தூக்கி அணைத்துக்கொண்டு அந்தப் பெரியவரும் அழுதார், ஆனால் சரி என்று மட்டும் சொல்லவில்லை.

பெரிய கார் வருவதற்கு வெயில் நன்றாக ஏறிவிட்டது. மண்டிக்காரர் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தாராம். அத்தையைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்து காரின் பின் சீட்டில் கிடத்தினார்கள். அப்போது அவள் பேசவில்லை. அந்தக் காருக்குப் பின்னாலேயே சித்தப்பாவும் நானும் எங்கள் காரில் போனோம்.

அந்தப் பயணத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் கார் ஒரு தடவைகூட இருமவில்லை. ஒரு தடவைகூடச் சுணங்கவில்லை. பெரிய கார் கிளப்பிய புழுதிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு ஓடியது. முந்திப் போக இடம் விட்டிருந்தால் முந்திக்கூடப் போயிருக்கும். சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். "எவ்ளோ நல்லா ஓடுது பாரு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "பாரேன், எவ்ளோ நல்லா ஓடுது" என்றார். ஒரு முறையாவது நின்று தொலையாதா என்று அந்தக் காரைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். நின்றிருந்தால் அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்திருக்கும். அது நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையும் இல்லை.

துக்கம் கேட்கத் திண்டிவனத்து வக்கீல் தன்னுடைய அதே கம்பெனிக் காரில் வந்தார். சித்தப்பாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழும்போது, சித்தப்பாவுக்கும் பக்கத்தில் இருந்த எனக்கும் மட்டும் கேட்கும்படி, "நம்ம வண்டி போயிருக்குமேங்க" என்றார். அந்தக் காரைப் பற்றி அதன் சொந்தக்காரர் ஒருவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். சித்தப்பா தலையை ஆட்டினார். மாமனாரும் பிறகு ஒரு நாள் விழுப்புரம் வந்தார். "உன் வாய நம்பிட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். சித்தப்பா அவருக்கு மோர் கொண்டு வரச் சொன்னார். அவரைப் பற்றி ஒரு நாளும் குறையாகப் பேசியதில்லை.

காரை விற்றுவிடலாம், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது என்று அப்பா சொன்னார். "அது என்னா தப்பு பண்ணுச்சி?" என்று சித்தப்பா கேட்டார். சித்தப்பா அந்தக் காரையே ஓட்டினார், என்ஜினும் விற்றார். கதை மட்டும் சொல்வதில்லை. திருவெண்ணெய்நல்லூரில் அவருக்காகக் காத்திருப்பவர்கள், என்னங்க வாயில் கொழுக்கட்டையா என்று கேலி செய்வார்களாம். விலையைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாராம்.

சில வருஷம் கழித்துத் திண்டிவனத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. நானும் மாப்பிள்ளையும் சாப்பிட உட்கார்ந்திருந்த பந்தியில் சித்தப்பா சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் வீட்டுக் கதையெல்லாம் தெரியாது. ஆனால் தள்ளுவண்டிக்காரர் என்ற பெயர் திண்டிவனம் முழுக்கத் தெரியும். என் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சித்தப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "என்னாங்க, உங்க கார் கதைங்கள பத்தி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கோம். விழுப்புரத்துலருந்து வர்றதுக்குள்ள எத்தினி பேரு தள்ளினாங்க, சொல்லுங்களேன்" என்றார். அந்த வரிசையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

சித்தப்பா வாளியைக் கீழே வைத்தார். "அது நல்ல வண்டிங்க" என்றார். "நம்பி ஏறுனவங்கள அது ஒரு நாளும் வழியில வுட்டதில்லிங்க."

பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "பாருய்யா, சிரிக்காமயே சொல்றாரு பாரு" என்று பக்கத்து இலைக்காரருக்குக் காட்டினார். சித்தப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தானே, யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை.