தண்ணீர் குடிக்காத மாப்பிள்ளை

போன வாரம் பார்சல் கொண்டுவந்த இளைஞர் வியர்வையில் நனைந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "வேணாண்ணா, பாட்டில் கீது" என்றார். சாதாரணப் பதில்தான். எனக்கோ அம்பத்தூரில் ஸ்டெல்லா அக்கா வீட்டுக் கூடமும், சூடேறிய வீடியோ டெக்கின் பிளாஸ்டிக் வாடையும் நினைவுக்கு வந்துவிட்டன.

எண்பதுகளின் கடைசி. நான் பத்திரிகையில் சேர்ந்த புதிது. அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அக்காவின் அப்பா லாசர் மாமாவுக்கு இதயம் பலவீனம். வெளியே போக முடியாது. அதனால் ஞாயிறுதோறும் டெக் வாடகைக்கு வரும், தெருவே வந்து உட்காரும். சினிமா விமர்சகனாகும் ஆசையில் நான் முன்வரிசையில், யாரும் கேட்காமலே கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அன்று பார்த்த படத்தின் பெயர் மறந்துவிட்டது. ஒரு பெரியவரின் உயிரை எடுக்க மரணம் வெள்ளைச் சட்டை இளைஞனாக வருகிறது. வந்த இடத்தில் அவர் மகளைக் காதலிக்கிறது. கல்யாணம் முடியும்வரை அவருக்குத் தவணை. அந்த இளைஞன் எந்த வீட்டிலும் தண்ணீர் குடிப்பதில்லை. பெரியவர் அதை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடிப்பார்.

அடுத்த வாரம் ஸ்டெல்லா அக்காவைப் பெண் பார்க்க சேவியர் வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில், ஒரு தொழிற்கூடத்தில் வேலை. வெள்ளைச் சட்டை. நீட்டிய தம்ளரை "இருக்கட்டுங்க" என்று கீழே வைத்துவிட்டார். கூச்சம்தான். மாமா அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரப் பாக்க வந்தீங்க தம்பி? பொண்ணயா, என்னயா?"

"ரெண்டு பேரையுந்தான் மாமா."

கூடமே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

சம்பந்தம் முடிவானது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். அதற்குத்தான் மாமா இடங்கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம், கல்யாணம் கூடாது, முடியட்டும் என்றார். பிறகு தவக்காலம். பிறகு பெங்களூரில் இருக்கும் தன் தம்பிக்கு லீவு கிடைக்கட்டும் என்றார். மறுபடி திருவருகைக்காலம். காரணம் தெருவுக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் மாடிப்படியில் அக்காவே சொன்னார்.

"எனுக்குக் கல்யாணம் ஆனா தான் செத்துடுவோம்னு அப்பா நெனச்சிகினு கீறாரு. நான் இன்னா பண்றது, நீயே சொல்லு."

இல்லாத சாவியை நான் சட்டைப்பையில் தேடினேன்.

சேவியரிடமும் அக்கா சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு சேவியர் மாமாவின் கட்டிலருகே வந்து நின்றார். "தண்ணி குடுங்க மாமா. உங்க கையால."

மாமா சொம்பை நீட்டினார். சேவியர் அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்து, சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். சட்டையெல்லாம் ஈரம்.

"மன்சன்தாம்பா" என்றார் மாமா.

ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நடந்தது. மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் எஸ்டேட்டில் மின்சாரம் தாக்கி சேவியர் இறந்தார். எங்கள் பத்திரிகையில் நான்கு வரி, நான்தான் எழுதினேன். பெயர், வயது, ஊர். சவப்பெட்டியருகே நாற்காலியில் மாமா, "மன்சன்னு அன்னிக்கே சொன்னனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இப்போது அந்தத் தொழிற்கூடம் அடுக்குமாடி. டெக் கடையில் தண்ணீர் கேன் விற்கிறார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு வருகிறார்கள்; யாரும் யார் வீட்டிலும் தண்ணீர் கேட்பதில்லை. முகத்தை மட்டும் பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது.