பாகத்தில் பிரிந்த கார்ப்ரேட்டர்

எங்கள் பட்டறையில் இஞ்சினைத் திறப்பது என் வீட்டுக்காரர். கார்ப்ரேட்டரைத் திறப்பது நான். யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. அவர் விரல் ஒவ்வொன்றும் மொந்தன் வாழைக்காய் தடிமன். கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் என்பது, நடுவில் மயிரிழைத் துளை போட்ட பொடிப் பித்தளைத் திருகு. அவர் எடுத்தால் கீழே விழும். விழுந்தால் தேடுவது நான். கல்யாணத்துக்கு முன்பு போடியில் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கியவள் நான். ஏழு மில்லிக் காயையும் எட்டு மில்லிக் காயையும் சல்லடை இல்லாமல் விரலாலேயே பிரித்துவிடுவேன். அப்படிப்பட்ட கைக்கு ஜெட் எம்மாத்திரம்?

துளை அடைத்தால் கம்பி விடக் கூடாது, துளை பெரிதாகிவிடும். தூண்டில் நரம்பை விட்டு ஊத வேண்டும். வெண்கலப் பானை விளக்குகிற அதே புளிதான் பித்தளைத் திருகுக்கும். இதெல்லாம் செய்து செய்து கற்றது. போகப் போக, பழைய வண்டிக்காரர்கள் துணியில் பொதிந்து எதையாவது கொண்டுவந்து, “இது எந்த வண்டியோடது, சொல்லுங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கார்ப்ரேட்டரில் இஞ்சினோடு சேரும் முகத்தில் பொடி எண் வெட்டியிருக்கும். அதையும் வாயின் அகலத்தையும் பார்த்து வண்டியையும் அநேகமாக வருஷத்தையும் சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். வாயும் அதிகம் என்பது வீட்டுக்காரர் கட்சி.

போன வருஷம் ஒரு நாள் காலையில் சிலமலையிலிருந்து ஒரு பெரியவர் குட்டியானை வண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இருபது வருஷமாக அதில் கோழிதான் அடைந்திருக்கிறது. கார்ப்ரேட்டர் இருக்க வேண்டிய இடம் காலி.

“எங்கண்ணே போச்சு?” என்றேன்.

“பாகத்துல போச்சு, ஆத்தா” என்றார்.

அப்பா சொத்தை அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிரித்தபோது, காடு பிரிந்தது, கிணறு முறை வைத்துப் பிரிந்தது, மாடு பிரிந்தது. அப்பா ஓட்டிய இந்த வண்டி மட்டும் பிரியவில்லை. இரண்டு பேருக்குமே அதன்மேல் உயிர். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் வண்டியை அண்ணனான இவருக்கு எழுதினார்கள். தம்பி ஸ்பேனரை எடுத்து, கார்ப்ரேட்டரைக் கழற்றி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, “எம்பங்கு” என்று மலைமேல் போடிமெட்டுக்கு ஏறிவிட்டார். அங்கே ஏலத்தோட்டம் பிடித்து அங்கேயே தங்கிவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

“இப்ப பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். சித்தப்பன் இல்லாம என்ன கல்யாணம்? ஆள்விட்டுச் சொன்னேன். அவன் ஒண்ணுமே சொல்லல ஆத்தா, ஜீப்புக்காரன்கிட்ட இதக் குடுத்தனுப்பிட்டான்” என்று மஞ்சப்பையிலிருந்து கார்ப்ரேட்டரை எடுத்தார். “மாட்டிக் குடு. இந்த வண்டியிலயே ஏறிப் போயி, அவன் கையில வெத்தல பாக்கு வைக்கணும்.”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும் தொற்றிக்கொண்டது. துடைத்துவிட்டு எண்ணைப் பார்த்தேன். வாயை அளந்தேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: “அண்ணே, இது ஒங்க வண்டியோடது இல்ல. நாலஞ்சு வருஷம் பிந்தி வந்த வண்டியோடது. மாட்டலாம், சேரும். ஆனா இது அது இல்ல.”

கண்டுபிடித்த குஷியில் சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பெரியவர் மஞ்சப்பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார். “அப்ப, அப்பா சாமானத் தொலச்சுட்டு எவனோடதையோ அனுப்பி ஏமாத்துறான்” என்றார். “இனி அவனுக்குப் பத்திரிக்கையும் கிடையாது, பாக்கும் கிடையாது.” வண்டியையும் கார்ப்ரேட்டரையும் அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஒனக்கு இந்த வாய அடைக்க ஒரு ஜெட்டு கிடையாதா?” என்றார். பதிலுக்குக் கத்தினேன்.  ஆனால் ஒரு கல்யாணத்தை அரைகுறையாக்கிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் அந்த வண்டியின் இஞ்சினையும் டயரையும் சரிபண்ண இறங்கிவிட்டார். சும்மா இருக்க முடியாமல் மத்தியானம் நானும் அந்தக் கார்ப்ரேட்டரைப் பிரித்தேன். பிரித்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. அங்கேதான் உறைத்தது. இருபது வருஷம் பெட்டியில் கிடந்த கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து கோந்தாக இறுகியிருக்கும். இதில் பிசுக்கே இல்லை. ஜெட்டைப் பார்த்தால், இந்த வண்டிக்கு வருவதைவிடச் சின்னது. பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிற ஊசியும் ஒரு வெட்டு இறக்கி வைத்திருந்தது. மலைமேல் காற்று மெலிசு. பெட்ரோலும் குறைவாகப் போனால்தான் இஞ்சின் புகையாமல் இழுக்கும். மெட்டில் ஓடுகிற வண்டிக்கு மட்டும்தான் இப்படி வைப்பார்கள். ஆக, இது போன வாரம்வரை மேலே ஓடிக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய வண்டியிலிருந்து கழற்றியது. யாருடையது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் முன்சீட்டில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போடிமெட்டுக்கு ஏறினேன். தம்பி வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. வாசலிலேயே அதே கம்பெனி வண்டி, பிந்தைய மாடல், பளபளவென்று நின்றது. கார்ப்ரேட்டர் இல்லை.

நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் அப்பா வண்டியின் கார்ப்ரேட்டர். எண் சரி. ஆனால் மலை ஈரத்தில் வெள்ளை பூத்து, பெட்ரோல் நிற்கிற அடிக்கிண்ணத்தில் விரிசல் விட்டிருந்தது.

“பத்திரமாத்தான் வச்சிருந்தேன், தங்கச்சி. இந்த மழைக்கு எது நிக்கிது? இத எப்படி அண்ணனுக்கு அனுப்புறது? அதான் என் வண்டியில நல்லா ஓடிக்கிட்டிருந்தத அனுப்புனேன்.”

“அதச் சொல்லியனுப்ப வேண்டியதுதான அண்ணே?”

“வம்பாக் கழட்டிட்டு வந்து பாழாக்கிட்டேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அங்கேயே நின்று பெரியவருக்குப் போன் போட்டேன். நான் அவசரப்பட்டுச் சொன்னது தப்பு என்று எடுத்ததுமே ஒப்புக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.  அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

“அப்ப அவன் தோட்டத்துக்கு எதுல போறான்?”

“நடந்துதாண்ணே.”

“நீ அங்கயே இரு. நான் வர்றேன்.”

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, “நான் பூட்டி வச்சிருக்கிற அந்தக் கார்ப்ரேட்டரையே மாட்டிக் குடுங்க. கீழ கொஞ்சம் இருமும், மெதுவா ஓட்டச் சொல்லுங்க” என்றேன். தம்பியிடம் விஷயத்தைச் சொன்னதும் மனுஷருக்கு நிலைகொள்ளவில்லை. எனக்கு மூன்று தடவை பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார், ஒன்றில்கூடச் சர்க்கரை இல்லை.

மத்தியானம் வளைவுகளுக்குக் கீழே எங்கோ அந்தச் சத்தம் கேட்டது. இருமி, திக்கி, வெடித்து. தம்பி கவலையாக என்னைப் பார்த்தார். ஏற ஏறப் பாருங்கள் என்றேன். ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் திக்கல் குறைந்தது. மெட்டுக்கு வந்து சேர்ந்தபோது இஞ்சின் ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவர் இறங்கினார். தோள்பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துத் தம்பி கையில் வைத்தார். தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்றார்.  பெரியவர் வண்டியிலிருந்த கார்ப்ரேட்டரைக் காட்டினார்.

“இது ஒன்னோடது. கழட்டி ஒன் வண்டியில மாட்டு. அப்பாவோடத இந்த ஆத்தா சரிபண்ணிக் குடுக்கும்.”

“கழட்டிட்டா நீ எப்படிண்ணே எறங்குவ?”

“நீதான் கொண்டுபோயி விடணும்.”

தம்பி ஸ்பேனரை எடுத்தார். அவசரத்தில் திருகை எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். நான்தான் வாங்கிக் கழற்றி, தம்பி வண்டியில் மாட்டினேன். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. பெரியவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, “மாத்துத் துணி எடுத்துக்கிட்டியா?” என்றார்.

“கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாளு கெடக்கேண்ணே.”

“கெடக்கட்டும். இருபது வருசம் இங்க இருந்துட்ட. இருபது நாளு என் வீட்டுல இருக்க மாட்டியா?”

தம்பி வண்டியை அணைத்துவிட்டு, துணி எடுக்க உள்ளே போனார்.